அப்பாவுக்குத் தெரிந்த இத்தாலி

அத்தியாயம் 9

மூன்று விமான டிக்கெட்டையும் மேஜை மேல் விரித்து வைத்து, "அப்பா, உன் தீவுக்குப் போறோம்!" என்று ஸ்மரண்டா சொன்னபோது, நெக்குலாயின் தொண்டையில் ரொட்டித் துண்டு சிக்கிக்கொண்டது. போன வாரம் அவரை அந்த இருமலோடு விட்டுவிட்டு வந்தோம். இருமல் நின்றுவிட்டது. டிக்கெட் அப்படியே இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது, மலிவு டிக்கெட்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு விஷயம். எங்கள் சின்ன ஊரான ஹூஷியில் ஒரு வீட்டில் ஆளைக் காணவில்லை என்றால் இத்தாலிக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். இந்தத் தெருவில் இருக்கும் இருபத்திரண்டு வீடுகளில் பதினாறு வீட்டிலிருந்து யாராவது ஒருவர் அங்கே கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டோ செங்கல் சுமந்துகொண்டோ இருந்த காலம் அது. அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்த நெக்குலாய், வடக்கு எல்லையில் கள்ள சிகரெட்டோடு பிடிபட்டு இரண்டு வருடம் சிறைக்குப் போனார். ஏழு வயது மகளிடம் என்ன சொல்வது என்று அவர் மனைவி மார்செலா அதிக நேரம் யோசிக்கவில்லை. "அப்பா இத்தாலிக்கு வேலைக்குப் போயிருக்கார்" என்றாள்.

பதினேழு வருடம் ஆகிவிட்டது. ஸ்மரண்டாவுக்கு இன்றைக்கும் அதுதான் தெரியும்.

சனிக்கிழமை காலை. சமையலறை ஜன்னலில் தயிர்க் கப்புகளில் தக்காளி நாற்று. மேஜையில் காபி, வெண்ணெய், ஒரு நோட்டுப் புத்தகம். யாஷி நகரத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஸ்மரண்டா, இந்தத் திட்டத்துக்காகவே நேற்று மாலை பஸ் பிடித்து வந்திருக்கிறாள். விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் எத்தனை நிமிஷம் என்பது வரைக்கும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த ஒழுங்கு அம்மாவிடமிருந்து வந்தது.

"விமானத்துலேர்ந்து எறங்கினதும் டவுன் பஸ், நேரா துறைமுகம். அங்கேர்ந்து மெதுவா போற கப்பல். வேகமா போற படகுக்கு ரெண்டு மடங்கு கேக்கறான். ஒரு மணி நேரம் கடலைப் பாத்துட்டே போவோம், நமக்கு என்ன அவசரம்?"

"பெட்டி?" என்றாள் மார்செலா.

"பெட்டியே கெடையாது. சீட்டுக்கு அடியில வைக்கற பை மட்டும். ஆளுக்கு ஒண்ணு."

"மூணு பேருக்கு ஒரு வாரச் சாப்பாடு அதுல எப்படிடி போகும்?"

"அம்மா, அங்கயும் மனுஷங்க சாப்பிடறாங்க."

"சாப்பிடட்டும். அவங்க சொல்ற விலையைக் கேட்டா எனக்கு வயிறு தானா நெறைஞ்சிடும். கத்தரிக்காய்த் தொக்கு ரெண்டு பாட்டில் மடியில வெச்சுக்கறேன்."

"விடமாட்டான். திரவம் கொண்டு போகக் கூடாது."

"என் தொக்கு திரவமா? கரண்டியைக் குத்தி வெச்சா விழாம நிக்கும்டி! அந்த ஆபீசரை வரச் சொல்லு, நான் காட்டறேன்."

நெக்குலாய் சிரித்தார். மகள் சிரித்ததால் சிரித்தார். அவர் கண் மட்டும் நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்த தபால் அட்டை மேலேயே இருந்தது. ஸ்மரண்டாவின் அறைச் சுவரில் இத்தனை வருஷம் ஒட்டியிருந்த அட்டை அது. நான்கு மூலையிலும் பழைய டேப் மஞ்சளித்துப் போயிருந்தது.

படத்தில் இத்தாலியில் இருக்கும் புரோச்சிதா தீவின் மீனவர் துறைமுகம். மஞ்சளும் ரோஜாவும் வெளிர்நீலமுமாக வீடுகள், கீழே படகுகள், கடல். பின்னால் நெக்குலாயின் கையெழுத்து. "கண்ணு, என் ஜன்னலைத் திறந்தால் இதுதான் தெரியும். தினமும் இந்தக் கடலைப் பார்த்து உன்னை நினைத்துக்கொள்கிறேன். அப்பா."

தபால் தலை கிடையாது. அது ஸ்மரண்டாவுக்கு ஒருநாளும் விசித்திரமாகப் படவில்லை. இத்தாலியிலிருந்து எங்களுக்கு எதுவும் தபாலில் வராது. வாரத்துக்கு இரண்டு தடவை வரும் வேன் டிரைவரிடம்தான் எல்லாம் வரும். காபித்தூள், பழைய துணி, பணம், கடிதம் எல்லாமே. பக்கத்து வீட்டு தொய்னா அப்போது இத்தாலியில் தூரின் நகரத்தில் வேலை பார்த்தாள். அவள் தன் பார்சலில் எழுதாத அட்டைகளாக வைத்து அனுப்புவாள். மார்செலா அவற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பதினோரு மணி நேரம் ரயிலில் போய், சிறைப் பார்வையாளர் அறையில் கணவனிடம் கொடுத்து எழுதி வாங்கி வருவாள். வீட்டுக்கு வந்ததும், "வேன் வந்துச்சுடி, அப்பா அனுப்பியிருக்கார்" என்பாள்.

"சரி, இப்ப முக்கியமான விஷயம்," என்று ஸ்மரண்டா போனை எடுத்தாள். "நெட்டுல இருக்கற வீடெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஒரே ஒரு அம்மா இருக்காங்க, அசுந்தான்னு பேரு. நேரா பேசறவங்களுக்குப் பாதி வாடகைக்குத் தராங்களாம். நான் மொழிபெயர்த்து எழுதி அனுப்பினேன். அவங்க எழுதவே மாட்டேங்கறாங்க, பேசித்தான் அனுப்பறாங்க. அதுவும் தீவுப் பேச்சு. போன் அதை எப்படி மொழிபெயர்க்குது பாருங்க. 'எலுமிச்சை கிட்ட ஆடு தூங்குது. மாமாவோட சாவி ஈரம். எனக்குக் குரல் வேணும்.'"

மார்செலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"குரல் வேணும்ங்கறது மட்டும் எனக்குப் புரிஞ்சுது. யாருன்னு தெரியாம சாவி தரமாட்டாங்க போல. அதனால என்ன? நம்ம வீட்டுலயே ஆள் இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு அப்பா பேசுவார்னு சொல்லிட்டேன்."

மார்செலாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தப் பேச்செல்லாம் எனக்கு இப்ப எங்க ஞாபகம் இருக்கும்மா," என்றார் நெக்குலாய். "பதினேழு வருஷம் ஆச்சு. எல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு."

"துருவெல்லாம் நீதான நல்லா எடுப்ப? நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு." அவள் எழுந்து வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஈஸ்டருக்கு ஈஸ்டர், மேஜையில உக்காந்து, 'இத்தாலியில காபியை நின்னுக்கிட்டேதான் குடிப்பான், இத்தாலியில மத்தியானம் கடையைச் சாத்திடுவான்'னு எங்க உயிரை வாங்குவியே, அந்த ஆளு எங்க போனார்? எனக்குத் தீவுல வேற எதுவும் பாக்க வேணாம்பா. அந்த ஜன்னல்ல நின்னு பாக்கணும். அவ்வளவுதான்."

என்ன சொல்வார் மனுஷன்? "ஒரு டயர் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொல்லைப்புறத்தில் தகரக் கூரை போட்டதுதான் அவருடைய பஞ்சர் கடை. சிறையிலிருந்து வந்ததும் லாரி பக்கம் போகக்கூடாது என்று மார்செலா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து டயர்தான். பாக்கி டயர் எதுவும் இல்லை. ஏற்கெனவே ஒட்டிய ட்யூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்செலா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்கு நாலு மணிக்குக் காய்ச்சல் வரும்," என்றார் அவர்.

"வரட்டும். அஞ்சு மணிக்குப் பேசச் சொல்லுவா. அஞ்சு மணிக்கு வயித்து வலி வந்தா நாளைக்குப் பேசச் சொல்லுவா. உன் பொண்ணை உனக்குத் தெரியாதா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"சொல்லிடு."

"என்னத்த?"

"என்னத்தன்னு தெரியாத மாதிரி கேக்காத நெக்குலாய். பத்தொன்பது தடவை அந்த ரயில்ல போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அட்டையை எங்க ஒளிச்சு வெச்சுக் கொண்டு வந்தேன்னு உனக்குத் தெரியும். என் பங்கை நான் சுமந்துட்டேன். இது உன் பங்கு."

நெக்குலாய் ட்யூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். "அவ பதினெட்டு வயசுல யாஷிக்குப் படிக்கப் போறப்பவே சொல்றேன்னு சொன்னேன். யாரு வேணாம்னது? பரீட்சை முடியட்டும்னது யாரு? வேலை கெடைக்கட்டும்னது யாரு?"

மார்செலாவுக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கேள்வி என்பதால்தான் வந்தது.

"ஆமா, நான்தான் சொன்னேன். பயமா இருந்துச்சு. இப்பவும் பயமா இருக்கு. அதுக்காக நீ ஊர் மேஜையில எல்லாம் உக்காந்து இத்தாலிக் காபியைப் பத்திப் பேசுன்னு நான் சொன்னேனா? நான் சொன்ன பொய் ஒரே வரி. நீ அதுக்கு மாடி மேல மாடி கட்டிட்ட!"

அவர் ட்யூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினார். மார்செலா, "கையைத் துடை, வெறச்சுப் போயிருக்கு" என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாடி மேல் மாடி கட்டியது உண்மைதான். அந்தச் செங்கல் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆளிடம் நெக்குலாய் இப்போது போனார்.

தொய்னாவுக்கு அறுபத்து மூன்று வயது. வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைக் கொடியை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு வருடம் தூரினில் ஒரே கிழவியைப் பார்த்துக்கொண்டு, கிழவி போனதும் ஊர் திரும்பியவள். நெக்குலாய் சொன்னதைக் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"சரி, நாலு மணிக்கு நான் என்ன செய்யணும்?"

"எனக்கு நாலு வரி கத்துக்குடு அக்கா. போதும்."

"நாலு வரி! பதினொரு வருஷம் அந்தக் கிழவிகிட்ட திட்டு வாங்கிக் கத்துக்கிட்டதை நாலு மணிக்குள்ள உன் காதுல ஊத்தணுமா?"

"நம்ம பேச்சும் இத்தாலிப் பேச்சும் அக்கா தங்கச்சி மாதிரிதானே. எல்லாரும் மூணு மாசத்துல கத்துக்கிட்டு வராங்க."

"அங்க போனவன் கத்துக்கிட்டு வரான் தம்பி."

அது குத்தியது. அவள் குத்தத்தான் சொன்னாள். கொடி ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டு மறுபடி பேசினாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு நெக்குலாய். நின்னுக்கிட்டு காபி குடிக்கறது, மத்தியானம் கடை சாத்தறது, ஞாயித்துக்கிழமை எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கிட்டு நடக்கறது. எல்லாம் நான் உனக்குச் சொன்னது. நீ உன் கதையா சொல்றப்ப நானும் அதே மேஜையில உக்காந்து தலையாட்டியிருக்கேன். ஆனா எனக்கே அதெல்லாம் எப்படித் தெரியும்னு நீ கேட்டதே இல்ல."

"எப்படித் தெரியும்?"

"நாலாவது மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். அந்தக் கிழவி என்னை வெளிய விடமாட்டா. வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதுல வேன் நிக்கற எடத்துக்குப் போய்ப் பார்சல் குடுத்துட்டுத் திரும்பறதுக்கே சரியா இருக்கும். பதினொரு வருஷத்துல கடலைப் பாக்கல. உனக்கு அனுப்பின அட்டை எல்லாம் வேன் டிரைவர் பெட்ரோல் பங்குல வாங்கிக்கிட்டு வந்தது. எந்தத் தீவுன்னுகூட எனக்குத் தெரியாது."

நெக்குலாய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. அவரும் கேட்டதே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ அக்கா."

"மன்னிப்பு கெடக்கட்டும். சாக்பீஸ் வெச்சிருக்கியா? எழுதிக்கோ."

டயரில் குறி போடும் சாக்பீஸால் வேலிப் பலகையில் நான்கு வரி எழுதிக்கொண்டார். வணக்கம் அம்மா. நாங்கள் மூன்று பேர். மே மாதம், ஒரு வாரம். வாடகை என்ன? பத்துப் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தார். நான்காவது வரி நன்றாகவே வந்தது.

"அவ பதில் சொன்னா என்ன பண்றது?" என்றார்.

"ஆமாம்னா 'சீ'. இல்லன்னா 'நோ'. எதுவும் புரியலைன்னா இருமு."

"நீயும் காபி குடிக்க வர மாதிரி வந்துடேன்."

"வரேன். ஆனா ஒண்ணு. நானா பொய் சொல்லமாட்டேன். எனக்கு வயசாச்சு."

நாலு மணிக்குச் சமையலறையில் நான்கு பேர். மார்செலா காபிப் பாத்திரத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். காபி பொங்கி வழிந்ததைக் கூட அவள் கவனிக்கவில்லை. தொய்னா கதவுப் பக்கத்து முக்காலியில். ஸ்மரண்டா போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். நெக்குலாய் தலை வாரி, சட்டை மாற்றி, பெண் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள். "ப்ரோந்தோ!" என்று ஹலோ சொன்ன குரலுக்குப் பின்னால் கோழி கத்தும் சத்தம் கேட்டது.

நெக்குலாய் முதல் வரியைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார். மூச்சு வாங்கி மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்தே சொன்னார். ஸ்மரண்டாவின் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மார்செலா திரும்பவில்லை.

பிறகு அசுந்தா பேச ஆரம்பித்தாள்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எங்கள் ஹூஷிப் பெண்களே தோற்றுப்போக வேண்டும், அப்படி ஒரு பேச்சு. நடுவில் யாரையோ அதட்டினாள், கோழியை விரட்டினாள், சிரித்தாள். நெக்குலாய் "சீ, சீ" என்றார். அவள் ஏதோ கேட்டாள். "சீ." மறுபடி கேட்டாள். இருமினார். அவள் பெரிதாகச் சிரித்து, இன்னும் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

நெக்குலாயின் நெற்றியில் வியர்வை. தொய்னாவின் பக்கம் பார்த்தார். அவள் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலாம்னாங்க. வீடு காலியாத்தான் இருக்காம். வாடகை... நீ சொன்னதுதான். பாதி."

"வேற? அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"கோழி வளக்கறாங்களாம்."

ஸ்மரண்டா கைதட்டிக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "துருப்பிடிச்சுதாம்! பொய் சொல்றியே வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள்.

நெக்குலாய் சிரிக்க முயன்றார். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது நிஜம். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தார். தீவுக்குப் போனால் ஏதோ ஒரு ஜன்னலைக் காட்டிவிடலாம். அந்த வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள், வீட்டை இடித்துவிட்டார்கள், எதையாவது சொல்லிவிடலாம். இன்னொரு மாடி. மனுஷ மனசு எவ்வளவு சீக்கிரம் அடுத்த செங்கலைத் தேட ஆரம்பிக்கிறது பாருங்கள்.

அப்போது போனில் 'டிங்' என்று சத்தம் வந்தது.

"அசுந்தாதான்! மறுபடி பேசி அனுப்பியிருக்காங்க." ஸ்மரண்டாவின் முகம் சிவந்தது. "உனக்குச் சொல்லக்கூடாது, ஆச்சரியமா இருக்கட்டும்னு இருந்தேன். போகட்டும். நேத்து அந்த அட்டையைப் படம் எடுத்து அவங்களுக்கு அனுப்பினேன். இந்தப் படத்துல இருக்கற மாதிரி தெரியற ஜன்னல் எந்த வீட்டுலன்னு கேட்டேன். எங்கப்பா ரெண்டாயிரத்து எட்டுல அங்கதான் இருந்தார், முடிஞ்சா அந்த வீடே வேணும்னு."

அவள் விரல் போனைத் தொட்டது. அசுந்தாவின் குரல் சமையலறையை நிறைத்தது. இந்த முறை கோழி இல்லை, சிரிப்பு இல்லை. நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நெக்குலாய்க்கு எதுவும் புரியவில்லை. ஒரே ஒரு சொல் புரிந்தது. கார்ச்செரே. எங்கள் பேச்சில் தனிக்கொட்டடிக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான். உள்ளே இருந்தவர்களுக்கு அது மறக்காது.

"என்னப்பா?"

"ரொம்ப வேகமா பேசறாம்மா."

"இல்லியே, மெதுவாத்தான பேசறாங்க?" ஸ்மரண்டா மறுபடி போட்டாள். மறுபடியும் அதே சொல். "அப்பா?"

ஸ்மரண்டா கதவுப் பக்கம் திரும்பினாள். "தொய்னா அத்தை, உங்களுக்குப் புரிஞ்சுதா?"

தொய்னா கோப்பையைக் கீழே வைத்தாள். நெக்குலாயைப் பார்த்தாள். மார்செலாவும் இப்போதுதான் திரும்பினாள். அவள் கையில் கரண்டி இருந்தது. ஒரு தலையாட்டல் போதும்; 'புரியலம்மா' என்று தொய்னா சொல்லிவிடுவாள். என் வயசுக்குப் பொய் சொல்லமாட்டேன் என்றதையெல்லாம் மறந்துவிடுவாள். அது நெக்குலாய்க்குத் தெரிந்தது. பதினொரு வருஷம் கடலைப் பார்க்காத பெண்பிள்ளை, அவருக்காகக் கடைசியாக ஒரு பொய்யைச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளதைச் சொல்லு அக்கா," என்றார் நெக்குலாய்.

"நெக்குலாய்..." என்றாள் மார்செலா.

"சொல்லட்டும்."

தொய்னா மெல்லச் சொன்னாள். "படத்துல இருக்கறது எங்க துறைமுகம்தான், ஆனா கீழ இருக்கற எந்த வீட்டு ஜன்னல்லயும் இப்படித் தெரியாதுங்கறாங்க. இது மேல, பழைய ஜெயில் இருக்கற மேட்டுலேர்ந்து எடுத்த படமாம். அவங்க புருஷன் அங்க காவக்காரரா இருந்தாராம், அதனால நல்லாத் தெரியுமாம். ஆனா அந்த ஜெயிலை மூடி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம். உங்கப்பா எப்ப அங்க இருந்தார்னு மறுபடி கேட்டுச் சொல்லுன்னு..."

ஸ்மரண்டா சிரித்துவிட்டாள். "அய்யோ! எழுதினதை போன் எப்படி மொழிபெயர்த்துச்சோ! உன்னை ஜெயில்ல இருந்தவன்னு நெனச்சுட்டாங்கப்பா!"

யாரும் சிரிக்கவில்லை.

அவள் சிரிப்போடு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியைப் பார்த்தாள். ஸ்மரண்டா தொய்னாவைப் பார்த்தாள். தொய்னா தன் கைகளைப் பார்த்தாள். கடைசியாக அப்பாவிடம் வந்தபோது சிரிப்பு முகத்தில்தான் இருந்தது. ஆனால் அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னப்பா, ஜெயில்லயா இருந்த?" என்றாள். இன்னமும் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"ஆமாம்மா," என்றார் நெக்குலாய். "ஆனா அந்த ஜெயில் இல்ல."

வெளியே யாரோ பஞ்சர் கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். மூன்று தடவை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வடக்கு எல்லை, சிகரெட், லாரி, இரண்டு வருடம். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. பதினேழு வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது இவ்வளவு சின்னதா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "இத்தாலிக்கு நான் போனதே இல்லம்மா. ஒருநாள்கூட இல்ல."

"உன்கிட்ட அப்படிச் சொன்னது நான்தான்," என்று மார்செலா குறுக்கே வந்தாள். "உனக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல உன்னைக் கரிச்சுக் கொட்டுவாங்களேன்னு..."

ஸ்மரண்டா கையை உயர்த்தினாள். மார்செலா நிறுத்திக்கொண்டாள்.

அட்டையை எடுத்து, பின்பக்கம் திருப்பி, மனப்பாடமான அந்த வரிகளை மறுபடி வாசித்தாள் ஸ்மரண்டா. பிறகு கேட்டாள்.

"அப்ப உன் ஜன்னல்ல என்னதான் தெரிஞ்சுது?"

நெக்குலாய் தலையைத் தூக்கிச் சமையலறைக் கூரையைப் பார்த்தார்.

"ஜன்னல் இல்லம்மா. மேல ஒரு ஓட்டை இருந்துச்சு. எட்டாது. வெளிச்சம் மட்டும் வரும்."

"தினமும் தூங்கறதுக்கு முன்னாடி இந்தக் கடல்கிட்ட நான் குட் நைட் சொல்லுவேன்," என்றாள் ஸ்மரண்டா. குரல் உடைந்துவிட்டது. "நீ அந்தப் பக்கம் நின்னு கேக்கறன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம். ஒருநாள் விடாம. அந்தச் சுவரைப் பாத்துச் சொல்லிட்டிருந்தேனாப்பா?"

நெக்குலாய் முகத்தை மூடிக்கொண்டார். டயர்க் கறை படிந்த விரல்களுக்கு நடுவிலிருந்து வந்த சத்தத்தை மார்செலா ஒரே ஒரு தடவைதான் முன்பு கேட்டிருக்கிறாள், அந்தப் பார்வையாளர் அறையில். அவளும் அழுதாள். தொய்னா எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் முக்காலியின் நுனியில் இருந்தாள்.

மேஜை மேல் போன் அதிர்ந்தது. திரையில் அசுந்தா. மெசேஜ் இல்லை, இந்த முறை நேராகக் கூப்பிடுகிறாள். வருகிறீர்களா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஸ்மரண்டா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரித்து வைத்த மூன்று டிக்கெட்டையும் ஒன்று சேர்த்து, அட்டையை அவற்றின் மேல் வைத்து, நோட்டுக்குள் செருகினாள். அதிர்ந்துகொண்டிருந்த போனை எடுத்தாள். அப்பாவிடம் நீட்டவில்லை. அவரைத் தாண்டிப் போய் தொய்னாவின் கையில் கொடுத்தாள்.

"பேசுங்க அத்தை. வரோம்னு சொல்லுங்க. மூணு பேர் இல்ல, ரெண்டு பேர்னு சொல்லுங்க."

தொய்னா போனைக் காதில் வைத்துக்கொண்டு சொன்னதைச் சொன்னாள். மறுமுனையில் அசுந்தா சந்தோஷமாக ஏதோ கேட்டாள். எந்த இரண்டு பேர் என்று கேட்கும் தைரியம் மட்டும் அந்தச் சமையலறையில் யாருக்கும் இல்லை.